பழைய விமானத்துக்கு ஒரு பாலாலயம்

1. மேரு ரோட்டில்

மேரு ரோட்டில் பாதி தூரம் நடந்த பிறகுதான் என் சாப்பாட்டுத் தட்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. தட்டுக்காகத் திரும்பினால் முதலாளி வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

கிள்ளானில் லோரிக்கு பாடி கட்டும் பட்டறை அது. துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து ரிவெட் அடிப்பது என் வேலை. அன்று காலை முதலாளி வந்து, "வெட்டாத லா. மேல புட்டி வெச்சுத் தேச்சு பெயிண்ட் அடிச்சு விடு" என்றார்.

"அடியில தொங்குது பாஸ். ரோட்ல விழுந்துடும்."

"விழுந்தா நம்மகிட்டத்தான திரும்பி வருவான்?"

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அந்த மாதம் எப்படியும் கிளம்பியிருப்பேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினேன், அம்பாங்கில் கொங்சி வீட்டில், அதுதான் கூலிகள் சேர்ந்து தங்கும் பலகைக் கொட்டகை, தங்கி சிமெண்ட் சுமந்தேன். எந்த இடத்திலும் பாய் பழையதாகும்வரை படுத்ததில்லை. இந்தத் தடவை கிளம்ப ஒரு நல்ல காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்க் கடையில் காதர் உட்கார்ந்து தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தான். முன்பு பிரிக்பீல்ட்சில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தவர்கள். அவன் அத்தா ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்தார், பரோட்டா போல ஏடு ஏடாகப் பிரியும் ரொட்டி அது. விடியற்காலை எழுந்து மாவு வீசப் பயந்து ஓடி வந்தவன் காதர்.

"எங்கடா பையத் தூக்கிட்ட?"

"தெரியல."

"ரிவெட் பிடுங்கத் தெரியுமா?"

"அடிக்கவே தெரியும்."

"அடிக்க ஆளு இருக்கு. பிடுங்கத்தான் ஆளு பத்தல. சுபாங் ஏர்போர்ட்ல ஒரு பழைய பிளேன தொறந்து போட்டிருக்காங்க. வரியா?"

"பிளேனா? நான் பஸ்ல ஏறுனாலே வாந்தி எடுப்பேன்."

"ஒன்ன யாரு பறக்கச் சொன்னா? அது பறக்காம நிக்கிறப்பதான் நமக்கு வேலை."

அப்படித்தான் நான் விமானத் துறைக்கு வந்தேன். இன்றைக்குப் பயிற்சிப் பள்ளிகளில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

2. வயசான விமானத்துக்கு வந்த சட்டம்

ஹாங்கர், விமானம் நிறுத்தும் கொட்டகை, என்றதும் பெரிதாக நினைத்துக்கொண்டு போனேன். ஓடுபாதையின் கோடியில், மழை பெய்தால் பேச முடியாத தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு இன்ஜின் வைத்த ஒரு சரக்கு விமானம் ஜாக்கி மேல் நின்றது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. லோரிப் பட்டறையில் இருந்து வந்தவனுக்குப் பளபளப்பைக் கண்டாலே சந்தேகம் வரும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஜோசப் சார். லைசன்ஸ் இன்ஜினியர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் சின்ன டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு கண்ணாடியும். ஓர் இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் அதற்கான டாஸ்க் கார்டில், அதாவது வேலைப் பட்டியல் அட்டையில், பேனா வைக்க மாட்டார். "நான் கையெழுத்துப் போட்டா அது கடவுள்கிட்ட போட்ட மாதிரி" என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சில் நிற்பவர் ஆனதால் அதில் கிண்டல் கிடையாது.

முதல் நாள் என்னை விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நிற்க வைத்துச் சொன்னார்:

"முன்னெல்லாம் இவ்ளோ மணி நேரம் பறந்துச்சா, இத மாத்து, அத மாத்துன்னு போயிடும். அப்புறம் வெளிநாட்டுல ஒரு பழைய பிளேனுக்கு நடுவானத்துல கூரையே பிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் முழிச்சாங்க. இப்ப எத்தன வருஷம் ஆச்சு, எத்தன தடவ ஏறி எறங்குச்சுன்னும் கணக்கு. ஒவ்வொரு தடவ மேல போறப்பவும் இது பலூன் மாதிரி ஊதும், கீழ வந்தா சுருங்கும். அந்த அலுப்பு ஒண்ணு. உள்ளுக்குள்ள தண்ணி தேங்கி அரிக்கிறது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தா ஆபத்து. அதனால வயசானதுக்கெல்லாம் இந்த இந்த எடத்தத் தொறந்து பாத்தே ஆகணும்னு சட்டம். நல்லாத்தான இருக்குன்னு நாம முடிவு பண்ணக் கூடாது. தொறக்கணும்."

"தொறந்து பாத்தா நல்லா இருந்துச்சுன்னா?"

"சந்தோஷமா மூடு. மூடுறதுக்கு முன்னாடி மருந்து அடி."

மருந்து என்றது அரிப்பைத் தடுக்கும் பழுப்பு நிறப் பசை. அந்த வாசம் மூன்று குளியலுக்கும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

தரைப்பலகைகளைக் கழற்றுவோம். கக்கூஸ் பக்கம், கதவோரம், எங்கெல்லாம் தண்ணீர் சொட்டுமோ அங்கெல்லாம். உள்ளே இருக்கும் பஞ்சு மெத்தைகளை எடுப்போம். அழுக்கைச் சுரண்டுவதற்கு இரும்பு கூடாது, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஜோசப் சாரைக் கூப்பிட வேண்டும். அவர் அதைத் தேய்த்து எடுத்து, மிச்சம் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளப்பார். அளவுக்குள் இருந்தால் விமானம் பிழைத்தது. இல்லாவிட்டால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

விமானத்தின் முதலாளி நாகப்பன், கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். சபா மாநிலத்திலிருந்து இறால் ஏற்றி வருவதற்காக வாங்கினார் என்று ஊரில் பேச்சு. உண்மையில் மகனுக்காகத்தான் வாங்கினார். மகன் குமரன் பைலட் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தான். மற்றவர்கள் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவார்கள். இவர் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டார்.

3. குங்குமம் வைத்த ஸ்குரு

சரக்குக் கதவோரத்தில் இருந்த பலகை என் பங்குக்கு வந்தது. மற்றப் பலகைகளில் ஸ்குருத் தலையில் அழுக்கு இருக்கும். இதில் குங்குமம் இருந்தது. ஒவ்வொரு ஸ்குருவுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்து, அது காய்ந்து கல்லாகி, ஸ்குருடிரைவர் உட்காரவே இல்லை. தலையை டிரில் போட்டு எடுக்கலாம் என்று குனிந்தேன்.

"ஏய்! ஏய்! கைய எடு!"

நாகப்பன் ஏணியில் ஓடி வந்தார். அவ்வளவு கனமான மனிதர் அவ்வளவு வேகமாக ஏறியதை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். விமானம் வாங்கிய புதிதில், கிள்ளானில் பெயர் போன ஒரு சாமியாரை அழைத்து வந்திருக்கிறார். வீடு கட்டினால் நிலைவாசலுக்குக் கீழே தகடு வைப்பதில்லையா? அது போல இந்தப் பலகையைக் கழற்றி, கீழே பீம் மேல் ஒரு செப்பு யந்திரத் தகட்டை வைத்து, சந்தனம் பூசி மூடியிருக்கிறார்கள். "இத எடுத்தா ஓட்டுறவனுக்கு ஆகாது" என்று சாமியார் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தப் பலகை மேல் பாலும் இளநீரும் அபிஷேகம். அப்போதிருந்த மெக்கானிக் ஈப்போவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் யாரும் அதைத் திறக்கவில்லை.

ஜோசப் சார் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாக, "செம்பா பாஸ்?" என்றார்.

"சுத்தமான செம்பு! தஞ்சாவூர்லருந்து வரவழைச்சது."

"அலுமினியம் மேல செம்ப வெச்சு, நடுவுல எளநீ ஊத்துனா என்னாவும் தெரியுமா? பேட்டரி பாஸ். உங்க சாமியார் பேட்டரி செஞ்சு வெச்சிருக்கார். அலுமினியம்தான் கரையும்."

"நீங்க வேற மதம். உங்களுக்குப் புரியாது."

"மதம் என்னவா இருந்தாலும் கார்டுல இந்தப் பலகைக்கு நம்பர் இருக்கு."

"எல்லாத்தையும் தொறங்க. நான் ஒண்ணும் சொல்லலயே? இத மட்டும் பக்கத்து ஓட்டையில டார்ச் அடிச்சுப் பாத்து எழுதிடுங்க சார்."

ஜோசப் சார் நியாயமானவர். உண்மையிலேயே குப்புறப் படுத்துப் பக்கத்து ஓட்டையில் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். எழுந்து, "பஞ்சு தெரியுது. பஞ்சுக்குக் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அந்த வாரக் கடைசியில் விமானத் துறை அதிகாரி வருவதாக இருந்தது. கார்டெல்லாம் முடியாவிட்டால் விமானம் பறக்க அனுமதி இல்லை. நாகப்பனைப் பார்த்துச் சிரிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் போகும்போது என்னிடம் தனியாக, "தம்பி, மேல ஒக்காந்திருக்கிறது எம்புள்ளடா. யாருமில்லாதப்ப தொறந்துடாத" என்றார். அதைக் கேட்டபின் சிரிப்பு வரவில்லை. மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில்தான் அவர் மூடி வைக்கச் சொன்னார். மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் ஜோசப் சார் திறக்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் டிரில்லைப் பிடித்துக்கொண்டு நான்.

குமரனிடம் காதர் கேட்டான்: "நீதானப்பா ஓட்டுற. நீ என்ன சொல்ற?"

"வானத்துல நான் கேப்டன் பக்கத்துல ஒக்காந்திருக்கேன்ணே. வீட்ல அந்த சீட்டும் கெடையாது" என்றான் குமரன்.

4. மீனாட்சி அக்கா கொண்டுவந்த சாப்பாடு

இரண்டு நாள் இழுபறி. மற்ற வேலை எல்லாம் முடிந்து, அந்தப் பலகை மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மதியம் முதலாளியின் மனைவி மீனாட்சி அக்கா அடுக்குக் கேரியரோடு வந்தார். வாரத்தில் ஒரு நாள் எங்கள் எல்லோருக்கும் சமைத்துக் கொண்டுவருவார். சாம்பல் கலர் கேன்வாஸ் விரித்து உட்கார்ந்தோம். பரிமாறிக்கொண்டே, "என்ன, எல்லார் மூஞ்சியும் தொங்குது?" என்றார்.

காதருக்கு வாய் சும்மா இருக்காது. "ஒண்ணுமில்லக்கா. ஒரு ஸ்குருவுக்கு சாமி வந்திருக்கு. எறங்க மாட்டேங்குது."

அக்கா கதையைக் கேட்டார். அப்பளத்தைக் கணவரின் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க, போன வருஷம் நம்ம கோயில் கும்பாபிஷேகத்துக்கு யாரு கமிட்டில இருந்தது?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சு, தொறந்து பாத்தே ஆகணும்னு மைக் புடிச்சுப் பேசுனது யாரு?"

"அது ஆகமம்டி."

"கோபுரத்துல கை வெக்கிறதுக்கு முன்னாடி மூலவர என்ன செஞ்சீங்க?"

நாகப்பன் குனிந்து சோற்றைப் பிசைந்தார். எனக்காக அக்காவே சொன்னார். திருப்பணி தொடங்கும் முன் சாமியின் சக்தியை ஒரு கலசத்துக்கு மாற்றி, வேறோர் இடத்தில் சின்னதாகக் கோயில் வைத்துப் பூஜை நடத்துவார்கள். அதற்குப் பாலாலயம் என்று பெயர். வேலை முடிந்ததும் சாமியைத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

"கல்லுல கட்டுன கோயிலுக்கே பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா சாமி எடம் மாறி ஒக்காருது. தகரத்துல கட்டுன ஒங்க பிளேனுக்கு மட்டும் மாறாதோ? எம்புள்ள ஒக்காந்து பறக்குறது ஒங்க தகட்டு மேலயா, அதுக்கு அடியில இருக்கிற பீம் மேலயா?"

ஜோசப் சார் ரசம் குடிப்பதை நிறுத்தினார். "அக்கா, இந்தச் சட்டத்த எழுதுனவனுக்கே இவ்ளோ தெளிவா சொல்ல வராது."

"நீங்க சும்மா இருங்க சார். ரெண்டு நாளா செம்பு, பேட்டரின்னு பேசி என்ன புண்ணியம்?"

5. லாக்வயர்

மறுநாள் காலை கிள்ளானிலிருந்து குருக்கள் வந்தார். பிளாஸ்டிக் கூடையில் தேங்காய், மாவிலை, கலசம். விமானத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம் என்ன?" என்றார்.

"யாருக்கு?"

"இதுக்குத்தான். பொறந்த தேதி இருக்குமே?"

ஜோசப் சார் கதவுக்குள் பதித்திருந்த பித்தளைப் பிளேட்டைப் படித்தார். வருடம் இருந்தது, நேரம் இல்லை. ஐரோப்பாவில் செய்தது என்பதால் ராகுகாலம் எந்த ஊர்க் கணக்கு என்றும் ஒரு குழப்பம். கடைசியில் குமரனின் நட்சத்திரத்துக்கே சங்கல்பம் என்று முடிவாயிற்று.

அடுத்த சிக்கல் கற்பூரம். ஹாங்கருக்குள் பெயிண்ட் கரைக்கும் மருந்தும் எண்ணெயும் இருந்தன. நெருப்புக்குச்சி உரசினாலே எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மோட்சம்.

"உள்ள நெருப்பு கூடாது சாமி" என்றார் ஜோசப் சார். "வேணும்னா என் டார்ச்ச வெச்சுக்குங்க."

குருக்கள் அவரைப் பார்த்த பார்வையில் டார்ச் தானாகப் பைக்குள் போய்விட்டது.

கலசத்தை வெளியே, கார் நிறுத்தும் இடத்தில் வைப்பது என்று பேசி, எங்கள் டூல் டிராலியின் மேல்தட்டைத் துடைத்து அதில் வைத்தோம். ஸ்பேனரெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கின. ஆனால் தகடு இருக்கும் இடத்துக்கும் கலசத்துக்கும் தர்ப்பைக் கயிறு தொட வேண்டுமாம். அந்தக் கயிற்றின் வழியாகத்தான் சக்தி போகும். கயிறு ஹாங்கர் வாசல்வரைகூட எட்டவில்லை.

காதர் ஸ்டோருக்குள் போய் ஒரு சுருள் லாக்வயர் கொண்டுவந்தான். நட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாமல் கட்டும் மெல்லிய கம்பி அது.

"சாமி, இதுல போவுமா?"

குருக்கள் கம்பியை விரலில் சுற்றிப் பார்த்தார். "உலோகம்தானே. போவும்."

தர்ப்பையில் முடிச்சுப் போட்டு, பலகையின் ஸ்குருவிலிருந்து ஏணி வழியாக, ஜாக்கிகளைச் சுற்றி, வெளியே டிராலிவரை கம்பி இழுத்தோம். ஜோசப் சார் பழக்க தோஷத்தில் குனிந்து முடிச்சைச் சரிபார்த்தார். மந்திரம் ஓடியபோது, விமான நிலையக் காவலர் ஒருவர் வந்து நின்று, என்ன இது என்று மலாயில் கேட்டார். "சாமி பிண்டா ரூமா" என்றான் காதர். சாமி வீடு மாறுகிறதாம். காவலர் தலையாட்டிவிட்டு, தீபாராதனை முடியும்வரை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

6. தகட்டுக்கு அடியில்

"இப்ப தொறக்கலாம்" என்றார் குருக்கள். நாகப்பன் மட்டும் ஏணியில் ஏறவில்லை. கீழே நின்று குமரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பையன், கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

ஸ்குருத் தலைகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்தேன். பலகை எளிதில் வரவில்லை. பால், இளநீர், சந்தனம், இறால் பெட்டியின் உப்புத்தண்ணீர் எல்லாம் சேர்ந்து பசையாகிப் பிடித்திருந்தது. நானும் காதரும் நெம்பித் தூக்கினோம்.

தகடு பச்சையாக இருந்தது. பீமோடு ஒட்டிப் போயிருந்தது. ஜோசப் சார் ஒரு துணியால் பிடித்து, மரியாதையாக, மெதுவாகப் பிரித்து எடுத்து குருக்களிடம் கொடுத்தார். பிறகு டார்ச் அடித்தார்.

பீம் இருக்க வேண்டிய இடத்தில் பீம் மாதிரி ஒன்று இருந்தது. ஏடு ஏடாகப் பிரிந்து, உப்பி, இடையில் வெள்ளை மாவு.

"எங்கத்தா கடை ரொட்டி சானாய்" என்றான் காதர். பிறகு அவனே வாயை மூடிக்கொண்டான்.

ஜோசப் சார் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரை வைத்து லேசாக அழுத்தினார். இரும்பு இல்லை, வெறும் பிளாஸ்டிக். அது அந்தப் பக்கம் போய்விட்டது.

மீனாட்சி அக்கா எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று, "இது என்னத்தத் தாங்குது சார்?" என்றார்.

"கதவோரத் தரையையும் கதவு நிலையையும்க்கா. சரக்குக் கனம் எல்லாம் இது மேலதான்."

"இன்னும் எத்தன நாளு தாங்கியிருக்கும்?"

"தெரியாதுக்கா. ஒரு வருஷம் தாங்கலாம். அடுத்த தடவ எறங்குறப்பவே விட்டும் போகலாம். சொல்ல முடியாதுங்கிறதாலதான் இந்தச் சட்டமே."

அக்கா கணவரை மேலே கூப்பிட்டார். நாகப்பன் வந்து குனிந்து பார்த்தார். நாங்கள் அவர் அழுவார் என்று நினைத்தோம். அவர் நிமிர்ந்து, கண் கலங்க, ஆனால் விட்டுக்கொடுக்காத குரலில் கேட்டார்:

"இவ்ளோ கெட்டுப் போயும் இத்தன நாளு தாங்கிப் புடிச்சது யாரு சார்? சொல்லுங்க பாப்போம்."

ஜோசப் சார் டார்ச்சை அணைத்தார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல பாஸ். கெடுத்தது யாருன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

நாகப்பன் தலையாட்டினார். கீழே இறங்கிப் போய், குமரனின் சட்டைக் காலரைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அதிகாரி வந்தபோது ஜோசப் சார் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தார். விமானம் நின்றது. புது பீம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கதவு நிலையையும் பாதி பிரிக்க வேண்டும், மாதக்கணக்காகும். சாமி திரும்பி வரும்போது எங்கே வைப்பது என்று நாகப்பன் கேட்டார். காக்பிட்டுக்குப் பின்னால் சுவரில், பிளாஸ்டிக் போட்ட படமாக வைக்கலாம் என்றார் ஜோசப் சார்.

"பால் ஊத்தலாமா?"

"நீங்க குடிங்க பாஸ். உங்களுக்கும் வயசாவுதுல்ல."

7. கதவைத் தட்டியது

பிடுங்க வேண்டியதெல்லாம் பிடுங்கியாகிவிட்டது. இனி அடிக்கிறவர்களுக்குத்தான் வேலை. பையை எடுத்துக்கொண்டு சொல்லப் போனேன். ஜோசப் சார், "எங்க போற?" என்றார்.

"தெரியல சார்."

"நாலு ஹாங்கர் தள்ளிப் போ. அங்கயும் ஒரு கெழவி நிக்குது. தொறக்க ஆள் தேடுறாங்க. நான் சொன்னேன்னு சொல்லு."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைக் கேட்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பழைய விமானத்தில் ஒழுகுகிற இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பயத்தினாலோ பக்தியினாலோ 'இத மட்டும் விட்டுடு' என்று ஒருவர் சொல்கிற இடம் ஒன்று இருக்கும். ஸ்குருடிரைவரை முதலில் அங்கே கொண்டு போங்கள். சண்டை போடாமல் கொண்டு போங்கள். அவர் அங்கே எதையாவது காப்பாற்றி வைத்திருப்பார்.

மறுநாள் காலை அந்த ஹாங்கரின் கதவைத் தட்டினேன். சீன முதலாளி, அங்கே தவுக்கே என்பார்கள், வாயில் பல்குச்சியோடு வந்தார். ஜோசப் சார் பெயரைச் சொன்னதும் வேலை கொடுத்துவிட்டார். வேலை தொடங்கும் முன் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்:

"தவுக்கே, தரைக்குக் கீழ சாமி ஏதும் வெச்சிருக்கீங்களா?"

அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, விமானத்தின் வால் பக்கம் பார்த்தார்.

நான் அங்கிருந்தே ஆரம்பித்தேன்.